கேள்வி – பதில்: சிக்னலில் சூடேறும் மாருதி 800

கேள்வி: என்னுடைய கார்ப்பரேட்டர் மாருதி 800 ஓடும்போது நன்றாக இருக்கிறது. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிடச் சொல்கிறார். கழற்றலாமா?

பதில்: வேண்டாம். ஓடினால் இறங்கி, நின்றால் ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். இதில் ஃபேன் மோட்டாரில் சுற்றுவது. அதன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் ஃபியூஸ், ரிலே, தெர்மோ சுவிட்ச் (சூடேறியதும் ஃபேனை ஓடவைப்பது), வயரிங் என்று வரிசையாகப் பாருங்கள். ரேடியேட்டர் ஃபின்களில் மண் அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும்.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும். அதுவரை சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது) தேவைப்படும், பெட்ரோல் கூடும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து தேய்மானம் வரும். சந்தேகமென்றால் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் மாற்றுங்கள், விலை குறைவுதான்.

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், உள்ளே உப்பு படியும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட இந்தச் சின்ன இன்ஜினின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) அலுமினியம். அதிகச் சூட்டில் வளைந்துவிடும். ரேடியேட்டரில் குமிழி, ஆயில் மூடிக்கடியில் பால்காபி நிறம், தண்ணீர் தொடர்ந்து குறைவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கேஸ்கெட்டை மாற்றும்போது ஹெட்டின் மட்டத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.