ஓசோ விழாவில் கோலா தட்டு வந்தால்

உடன் வேலை பார்ப்பவரின் அப்பா நைஜீரியாவின் அனம்பிரா மாநிலத்தில், இக்போ மக்களின் மரியாதைப் பட்டமான ஓசோவை ஏற்கிறார், அவரை ராஜா என்று அழைக்கலாமா, விருந்தினரை வரவேற்கத் தரும் கோலா கொட்டைத் தட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

ராஜா வேண்டாம். 'இக்போக்களுக்கு அரசன் இல்லை' என்பது அவர்களுடைய பழமொழியே. ஓசோ, ஒருவர் தன் சம்பாத்தியத்தைச் செலவழித்து, சடங்குகளை முடித்து அடைவது. ஏற்றவர் பொய் பேசக் கூடாது என்பது எதிர்பார்ப்பு. அன்று அவர் ஒரு பட்டப்பெயர் சூட்டிக்கொள்வார். அதை முன்பே நண்பரிடம் கேட்டுவைத்து, அந்தப் பெயரால் அழையுங்கள். மிகவும் மகிழ்வார்.

அப்புறம் தட்டு. அவசரப்பட்டு எடுத்துக் கடித்துவிடாதீர்கள்! முதல் சுற்று காட்டுவதற்கு மட்டும்; தொட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். தட்டு வீட்டுக்காரரிடமே திரும்பும். பெரியவர் ஒருவர் முன்னோரை அழைத்து இக்போ மொழியில்தான் வேண்டுவார், கோலாவுக்கு வேறு பாஷை புரியாது என்பார்கள். பிளந்ததும் பருப்புகளை எண்ணுவார்கள்: நான்கு என்றால் எகே, ஓரியே, அஃபோ, ன்க்வோ என்ற நான்கு சந்தை நாட்கள். நல்ல சகுனம். நீங்கள் பெண் என்றால், உடைப்பது வழக்கப்படி ஆண்களின் வேலை, அதை விட்டுவிடுங்கள்.

துண்டு நன்றாகக் கசக்கும். காரமான வேர்க்கடலை விழுதைத் தொட்டுக்கொண்டால் சரியாகிவிடும். முழுக் கொட்டை ஒன்றைக் கையில் தந்தால் அங்கே தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எங்கிருந்து வந்தேன் என்று அது உங்கள் வீட்டில் சொல்லுமாம்.