பெல்ட் கத்துகிறதா, புல்லி கத்துகிறதா? கேள்வி பதில்

இன்ஜினின் முன்பக்கம் வரும் கீச் சத்தம் பற்றிக் கேளுங்கள் என்றேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கேட்டிருக்கிறீர்கள். கடற்கரைக்காரர்களுக்குப் பயன்படும் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உச்சிப்புளி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. பெல்ட்டை மாற்றணுமா அண்ணே?

உடனே வேண்டாம் தம்பி. ராத்திரி ஈரக்காற்று பெல்ட்டிலும், அது ஓடும் சக்கரமான புல்லியிலும் படிந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரி இழந்த சார்ஜைத் திருப்பிக் கொடுக்க, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கு வேலை கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் சில விநாடி வழுக்கும். மதிய வெயிலில் ஏசி போட்டாலும் கத்துகிறது என்றால்தான் கவலைப்படணும்.

அப்போது இதைச் செய்து பாருங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து, பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் லேசாக அடியுங்கள். சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. குருவி கத்துவது மாதிரி விட்டு விட்டு வந்த சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. கை, துண்டு, முந்தானை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

தங்கச்சிமடம், வேன் ஓட்டுநர்: தனுஷ்கோடிக்குத் தினமும் சவாரி. பெல்ட்டை மாற்றினாலும் சில மாதத்தில் சத்தம் திரும்ப வருகிறது.

அண்ணே, உங்கள் பெல்ட் மேல் தப்பு இருக்காது. 2017இல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு இந்தக் கதையை நிறையக் கேட்கிறேன். ஆடிக் காற்றில் மணல் ரோட்டின் மேல் ஓடும். இரண்டு பக்கமும் கடல். உப்பு ஈரம் புல்லியில் ஏறுகிறது, வண்டி ரெண்டு நாள் நின்றால் துருப் பிடிக்கிறது. அந்தத் துருவும் மணலும் புது பெல்ட்டை அரம் வைத்து ராவுவது போலத் தின்றுவிடும்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றுங்கள். இன்ஜின் நேராகச் சுற்றும் கிராங்க் புல்லியின் பள்ளத்தில் நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருக்கணும். சொரசொரப்பாக, செம்பழுப்புத் தூள் நகத்தில் ஒட்டினால் அதுதான் எதிரி. மேலோட்டமான துரு என்றால் கம்பிப் பிரஷ்ஷில் போகும். குழி விழுந்திருந்தால் புல்லியையே மாற்றணும்.

அப்புறம் பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். நறநறப்பு, ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. டீசல் வேன் என்பதால் இன்னொன்று. ஆல்டர்னேட்டரில் ஒருவழிப் புல்லி இருந்தால், ஒரு பக்கம் தனியாகச் சுற்றணும், மறுபக்கம் உள்ளே சுற்றும் ரோட்டரையும் சேர்த்து இழுக்கணும். இரண்டு பக்கமும் பிடித்தாலும் கெட்டது, இரண்டு பக்கமும் வெறுமனே சுற்றினாலும் கெட்டது.

பெல்ட் இல்லாமல் இன்ஜினைச் சில விநாடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் காணாமல் போனால் கோளாறு பெல்ட் வரிசையில்தான். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம், வாட்டர் பம்ப் சுற்றாமல் இருக்கலாம். வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீரை ஆல்டர்னேட்டர் மேல் நேராக அடிக்கவும் விடாதீர்கள், பேரிங் கிரீஸ் போய்விடும்.

தேவிபட்டினம்: சோப்பு தேய்த்தால் நிற்கும் என்கிறார்களே?

வேண்டாம். சோப்பு, மெழுகு, பவுடர், ஆயில், கடையில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரே, எதுவும் வேண்டாம்.

மண்டபம், பழைய ஓட்டுநர்: அம்பாசடர் காலத்திலிருந்து மெழுகுதான் தேய்க்கிறேன். ஒருநாளும் வண்டி நின்றதில்லை. எப்படி ஒரேயடியாக வேண்டாம் என்கிறீர்கள்?

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை அண்ணே. அம்பாசடரில் இருந்தது பள்ளத்துக்குள் ஆப்பு போல இறங்கும் ஒற்றை வி பெல்ட். இப்போது இருப்பது தட்டையான, வரி வரியான பெல்ட். ஏசி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் இது ஒன்றே இழுக்கிற வண்டிகள் நிறைய. மெழுகு சத்தத்தை நிறுத்தும், வழுக்கலை நிறுத்தாது. சத்தமில்லாமல் வழுக்கினால் ரப்பர் சூடாகி இறுகும், சார்ஜ் குறையும்.

கீழக்கரை: மண்டபம் காக்கா (அண்ணன்) சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. வீடு வந்து சேரும் வரை மெழுகு தேய்த்தால் என்ன குறைந்துவிடும்?

வீடு வந்த பிறகு மறந்துவிடுவோம், அதுதான் குறை. மெக்கானிக்கிடம் போகும்போது சத்தமும் இருக்காது, அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? மெழுகுப் பசையில் நம்மூர் மணல் ஒட்டும், அது வேறு.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, ஏசி, ஹெட்லைட் இரண்டையும் போடுங்கள். பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிற்கணும். மெழுகு தேய்த்துச் சத்தம் நின்ற பிறகும் எண் கீழே இறங்கினால், பெல்ட் இன்னும் வழுக்குகிறது.

ராமநாதபுரம், ஆசிரியை: பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

அப்படிச் சொல்ல முடியாது டீச்சர். பழைய நியோப்ரீன் ரப்பர் வெடிக்கும். இப்போதைய இபிடிஎம் ரப்பர் வெடிக்காமலே தேயும். வரிகளுக்கு இடையே பள்ளம் அகலமாகி, பெல்ட் புல்லியின் அடியில் போய் உட்காரும், பிடிப்பு போய்விடும். தேய்மானம் பார்க்கும் சின்ன பிளாஸ்டிக் அளவுகோலை வரியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

திருப்புல்லாணி: காலையில் மட்டும் கீச் சத்தம்...

முதல் பதில்.

ஏர்வாடி: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும்...

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. தயவுசெய்து கேட்கும் முன் மேலே பாருங்கள்.

பாம்பன்: விசைப்படகு இன்ஜின் பெல்ட்?

படகு எனக்குப் பழக்கமில்லை. பாம்பனிலேயே படகு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

தொண்டி: பெல்ட்டை நன்றாக இறுக்கிவிட்டேன். இப்போது ‘ம்ம்’ என்று உறுமுகிறது.

அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள். இது பேரிங் அழுகிற சத்தம். இப்படியே ஓட்டினால் ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்போ போகும். உடனே தளர்த்துங்கள். கையால் இறுக்கும் வகை என்றால், உங்கள் வண்டியின் கையேட்டில் எவ்வளவு அமுங்கணும் என்று போட்டிருக்கும், அதன்படி வையுங்கள். தானியங்கி டென்ஷனர் என்றால் நீங்கள் இறுக்க வேண்டியதே இல்லை.

மண்டபம், மறுபடியும்: மீட்டர் வாங்கிவிட்டேன். முதலில் மெழுகு தேய்த்து அளக்கவா, தேய்க்காமலா?

தேய்க்காமல் முதலில், அண்ணே. இன்ஜின் சூடான பிறகு, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு ஒரு நிமிடம் விட்டு எண்ணைக் குறியுங்கள். அப்புறம் மெழுகோடு அதே மாதிரி. இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள், கீழக்கரைத் தம்பியும் பார்க்கட்டும்.