ஓவசியரின் பெட்டி: பழைய கட்டடங்களுக்கு ஒரு நூலகப் பிரிவு

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் வாசிகசாலையில் மட்டக்களப்பின் பழைய வீடுகள், கோயில்கள், பள்ளிவாசல்கள் பற்றித் தனிப்பிரிவு தொடங்க விரும்புகிறோம். கையில் சிறு தொகை இருக்கிறது. காலமான ஓவசியர் (கட்டட வேலை மேற்பார்வையாளர்) ஒருவரின் குடும்பம் ஒரு பெட்டி நிறையக் கட்டட வரைபடங்களும் படங்களும் தரத் தயாராக இருக்கிறது. என்னென்ன புத்தகம் வாங்கலாம்?"

புத்தகம் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் பெட்டியை வாங்கி வையுங்கள். அச்சான நூல் இங்கே இல்லாவிட்டால் வேறொரு நூலகத்தில் கிடைக்கும். ஓவசியர் கையால் வரைந்த தாள் அந்த ஒன்றுதான்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டையை உதாரணமாக எடுங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஒல்லாந்தர் வரைந்த படங்கள் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்கு நீங்கள் காசு செலவழிக்கத் தேவையில்லை, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போதும். உங்கள் தெருவின் நாற்சார் வீட்டுக்கு, அதாவது நடுமுற்றம் வைத்த பழைய வீட்டுக்கு, அப்படிக் காப்பகம் எதுவும் இல்லை. அதனால் எந்த ஊர்கள், எந்தக் காலம், எந்த வகைக் கட்டடம் என்று ஒரு பக்கத்தில் எழுதி முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்க்கும் அலுமாரி இரண்டு வருடத்தில் குப்பையாகிவிடும், இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கட்டடம் பற்றியவை என்று யாரும் நினைக்காத இடங்களில் தேடுங்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரிடமும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரிடமும் பழைய கணக்குக் கொப்பிகள் இருக்கலாம். சுண்ணாம்பு எவ்வளவு, செங்கல் எங்கிருந்து, மேசனுக்கு என்ன கூலி என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும். கும்பாபிஷேக மலர்களையும் விடாதீர்கள். கல்யாண அல்பங்கள் இன்னும் அருமை. மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் திண்ணைத் தூண், மரவேலை செய்த கதவு, ஓட்டுக்கூரையின் விளிம்பு எல்லாம் தெரியும். 1978 சூறாவளியிலோ 2004 சுனாமியிலோ போன வீடு என்றால், அந்தப் படம்தான் மிச்சம்.

சரி, பெட்டிக்கு வருவோம். திறந்ததும் எதையும் எடுக்காமல் இருந்தபடியே போட்டோ எடுங்கள். அளவுக் கொப்பி எந்த வரைபடத்தோடு கிடந்தது என்பதே ஒரு தகவல். வரிசையைக் கலைத்துத் தலைப்புவாரியாகப் பிரித்தால் அது போய்விடும். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதைப் பின்புறம் மென்பென்சிலால் எழுதுங்கள், பேனை வேண்டாம்.

நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடும் புளூபிரிண்ட்கள் வெளிச்சத்தில் மங்கும். இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் திரும்பும். காரம் சேர்த்த காப்பக உறை மற்றத் தாள்களுக்கு நல்லது, புளூபிரிண்டுக்கு நஞ்சு. அதற்கு நடுநிலைத் தாளையே கேட்டு வாங்குங்கள். மெழுகுத்துணி போலிருக்கும் வரைதுணியில் தண்ணீர் படக்கூடாது, மேலே பூசிய கஞ்சிப்பசை கரைந்துவிடும். செலோடேப்பும் லமினேட்டும் எந்தத் தாளுக்கும் ஆகாது. நல்ல மனதோடு லமினேட் செய்யப்பட்ட ஒரு கிணற்று வரைபடத்தை மீட்கப் போய்த் தோற்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. வாவிக்காற்றில் ஈரம் அதிகம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்தில் முட்டாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை கறையான் பாருங்கள்.

உங்கள் சிறு தொகை இந்த உறைகளுக்கும் ஸ்கேன் செய்யவும்தான் போகவேண்டும். மூலக்கோப்பு டிஃப் (TIFF) என்ற, படத்தின் தரம் குறையாத கோப்பு வடிவில் இருக்கட்டும், பிரதி இரண்டு இடத்தில் இருக்கட்டும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கி, 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை நடத்திவரும் நூலக நிறுவனத்தோடும் பேசிப் பாருங்கள். ஆனால் ஆட்கள் இன்றும் குடியிருக்கும் வீட்டின் உள்வரைபடத்தை அவர்களைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். பெட்டி அன்பளிப்பா இரவலா, பிரதி எடுக்கலாமா என்பதைக் குடும்பத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

பெட்டியை எடுக்கப் போகும் நாளில் அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, வீட்டில் மூத்தவரிடம் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்: இது யார் வளவு, கூரை போட்டது யார், இப்போது அந்த இடத்தில் என்ன நிற்கிறது?