சின்ன இடிக்கு இன்சூரன்ஸ் கிளெயிம் போடலாமா, கையால் செலவழிக்கலாமா?

கேள்வி: “உள்துறைமுக வீதியில் நிறுத்தியிருந்த என் காரின் பின்கதவை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கராஜில் 45,000 ரூபாய் சொல்கிறார்கள். புல் இன்சூரன்ஸ் இருக்கிறது. கிளெயிம் போடவா, விடவா?”

நானும் திருகோணமலைதான், உப்புவெளியில் இருக்கிறேன். ஒரு தடவை கிளெயிம் போட்டேன், ஒரு தடவை போடவில்லை. இன்னொன்று, எங்கள் குடும்பத்தில் அறிவித்திருக்க வேண்டியதை அறிவிக்காமல் விட்டது. மூன்றையும் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு இரவு கோட்டைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். நம்மூர் மான்கள் வீதிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். இரண்டு தாண்டியதும் காரை எடுத்தேன், பின்னால் நின்ற குட்டி திடீரென்று குறுக்கே பாய்ந்தது. இடப்பக்கம் வெட்டியதில் மதகுக் கட்டோடு கார் இழுபட்டது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் போய்த் தகரம் உள்ளே அமுங்கிவிட்டது. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 42,000.

அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நோ கிளெயிம் போனஸ், அதாவது கிளெயிம் எடுக்காத வருடங்களுக்காகக் கட்டணத்தில் தரும் கழிவு, இல்லாவிட்டால் என் வருடக் கட்டணம் 110,000. அடுத்த புதுப்பிப்பில் அந்தப் போனஸ் 50 வீதமாகும், அப்படியானால் 55,000 கட்டினால் போதும். கிளெயிம் எடுத்தால் போனஸ் 20 வீதத்துக்கு இறங்கும் என்று கிளையில் சொன்னார்கள். அப்போது 88,000. ஒரு வருடத்திலேயே 33,000 கூடுதல். கிளெயிமில் கைக்கு வருவதோ, எக்ஸஸ், அதாவது கிளெயிமில் நாமே ஏற்கவேண்டிய பங்கு, 10,000 கழித்து 32,000. அதற்கடுத்த வருடமும் 60 வீதம் இருக்க வேண்டிய இடத்தில் 30தான் இருக்கும், இன்னொரு 33,000. ஆக 32,000 வாங்கி இரண்டு வருடத்தில் 66,000 கொடுப்பது. கையால் கட்டிவிட்டேன்.

இந்த வீதங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். அதனால் உங்கள் கிளையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தக் கிளெயிமுக்குப் பிறகு என் போனஸ் எத்தனை வீதம், என் எக்ஸஸ் எவ்வளவு? வாகனம் பழையதென்றால், மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிளெயிம் போட்டது புரெவிப் புயலுக்கு. 2020 டிசம்பர் 2 இரவு குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் அது கரை கடந்தது. பயந்த அளவுக்கு எங்கள் பக்கம் அடிபடவில்லை, ஆனால் வாசல் வேம்பின் பெரிய கிளை முறிந்து காரின் முன்கண்ணாடியிலும் கூரையிலும் விழுந்தது. அயலார் கிளையை இழுத்துப் போட வந்தார்கள். தொடவேண்டாம் என்று சொல்லி, நான்கு பக்கமும் படம் எடுத்து, கம்பனிக்கு அழைத்த பிறகுதான் எடுக்கவிட்டேன். செலவு 160,000. இயற்கை அனர்த்தத்துக்கான மேலதிக காப்புறுதியைச் சேர்த்திருந்ததால் பணம் கிடைத்தது. அது சேர்க்காத பொலிசியில் வெள்ளமும் புயலும் அடங்காமல் போகலாம், மாரிக்கு முன்னமே பார்த்து வையுங்கள்.

அப்புறம் அத்தானின் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கன்னியா வீதியில் ஒரு பெடியனின் மோட்டார் சைக்கிள் ஹேண்டில், அத்தானின் காரின் பக்கக் கண்ணாடியில் பட்டு விழுந்தான். எழும்பி மண்ணைத் தட்டினான். கைக்கடிகாரத்தின் கண்ணாடி வெடித்திருந்தது, அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஒன்றுமில்லை அண்ணை” என்றான். அத்தான் 5,000 ரூபாய் கொடுத்தார், கைகுலுக்கிப் பிரிந்தார்கள். எட்டு நாள் கழித்து அந்தக் கடிகாரம் கட்டியிருந்த மணிக்கட்டில் எலும்பு வெடிப்பு என்று தெரிந்தது. தகப்பன் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். பெடியன் பொய் சொல்லவில்லை, விழுந்த சூட்டில் வலி தெரியவில்லை. கம்பனியோ, அன்றே அறிவிக்கவில்லை, வாகனத்தையும் திருத்திவிட்டீர்கள் என்று மறுத்துவிட்டது. மூன்று இலட்சத்துக்கு மேல் அத்தானின் கையிலிருந்து போனது. அக்கா அந்த வருடம் காப்பை அடகு வைத்தாள்.

அதனால் ஒரு மனிதர் மேல் பட்டுவிட்டால், அவர் என்ன சொன்னாலும் சரி, போனஸ் கணக்கே பார்க்காதீர்கள். அந்த இடத்தில் நின்றே கம்பனிக்கு அழையுங்கள். காயம் என்றால் பொலிசுக்கு அறிவிப்பது சட்டக் கடமையும்கூட. அறிவிப்பது வேறு, பணம் எடுப்பது வேறு. என் கம்பனியில் மான் விஷயத்தையும் அறிவித்துத்தான் வைத்தேன், பணம் எடுக்காததால் போனஸ் குறையவில்லை.

இன்னொன்று, பொலிசியில் எழுதியிருக்கும் வாகனப் பெறுமதியைப் பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் விலை எங்கேயோ போய்விட்டது. பலர் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்து வந்தார்கள். 32 இலட்சத்துக்குக் காப்புறுதி, சந்தை விலை 64 என்றால், 100,000 ரூபாய் சேதத்துக்கும் பாதியைத்தான் தருவேன் என்று கம்பனி சொல்லலாம். சீசனில் சொந்தக் காரை நிலாவெளிக்கு வாடகைக்கு விடுகிறவர்களும் கவனியுங்கள். தனிப்பட்ட பாவனை என்று எழுதிய பொலிசி அந்த ஓட்டத்தில் கைகொடுக்காது.

சரி, உங்கள் விஷயம். யாருக்கும் காயமில்லை, எதிர்த்தரப்பும் யாரென்று தெரியாது. ஆகவே இது வெறும் கணக்குத்தான். போனஸ் 40, 50 வீதத்தில் இருந்தால் கையால் கட்டுவதே இலாபமாக வரும் என்று நினைக்கிறேன். போனஸ் இன்னும் சேரவே இல்லை என்றால் இழக்க அதிகமில்லை, கிளெயிம் போடுங்கள். எதுவானாலும் கதவைத் திருத்தக் கொடுக்குமுன் படம் எடுத்து, கம்பனிக்கும் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த 45,000 வெளித் தகரத்துக்கு மட்டுமா என்று கராஜில் கேளுங்கள். கதவுக் கண்ணாடியை ஒருதடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இடையில் சிக்கினால் உள்ளேயும் வளைந்திருக்கிறது, செலவு கூடும், அப்போது இந்தக் கணக்கை மறுபடி போடவேண்டியிருக்கும்.