முன்பணம் வாங்கிய கார்பென்டர் காணாமல் போய்விட்டார், பணம் திரும்ப வருமா?

வார்ட்ரோப் வேலைக்கு 90,000 ரூபாய் முன்பணம் கொடுத்தீர்கள், வந்து அளவெடுத்ததோடு சரி, ஏழு வாரமாக ஆளைக் காணோம், ஃபோனையும் எடுப்பதில்லை, போலீசுக்குப் போகலாமா, பணம் திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போலீசுக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால், இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். கோபத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். ‘தம்பி, இன்ன தேதி ஜிபேயில் இவ்வளவு, இன்ன தேதி கையில் இவ்வளவு, ஆக மொத்தம் 90,000 கொடுத்திருக்கேன். கணக்கு சரிதானே? எப்ப வர்றீங்க?’ அவ்வளவுதான். மிரட்டல் வேண்டாம், வக்கீல் என்ற பேச்சே வேண்டாம். இந்த ஆட்கள் ஃபோனை எடுக்க மாட்டார்கள், ஆனால் சாதுவான செய்திக்குப் பதில் போட்டுவிடுவார்கள். ‘சரிதான் சார், திங்கக்கிழமை வந்துர்றேன்’ என்று ஒரு வரி வந்தால் போதும். திங்கட்கிழமை வருவாரோ மாட்டாரோ, ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்துக்கு அவரே ஒரு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சண்டை தொடங்கிவிட்டால் இந்த வரி கிடைக்கவே கிடைக்காது.

எனக்கு இது தற்செயலாகத்தான் வாய்த்தது. 2023 ஆகஸ்டில் பாளையங்கோட்டை வீட்டில் சமையலறை கப்போர்டு வேலை ஆரம்பித்தோம். மொத்தம் 1,75,000 பேசி, தீபாவளிக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொன்னார். முதலில் ஜிபேயில் 60,000. பிறகு பலகை இறக்கிய அன்று கையில் 25,000. அதற்குப் பிறகும் ‘கீல், சேனல் எல்லாம் எடுத்துட்டா வேலை மளமளன்னு முடிஞ்சிரும் சார்’ என்றதும் இன்னொரு 15,000. இந்தக் கடைசி 15,000-தான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். வேலை நின்றுபோன பிறகு, நின்றுபோன வேலையைக் கிளப்புவதற்காகக் கொடுத்த பணம் அது. உங்களவர் திரும்பி வந்து ‘இன்னும் ஒரு இருபது மட்டும் குடுங்க’ என்று கேட்டால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் வேலை நடந்தது. ஐந்து பலகை வந்தது, இரண்டு பெட்டி அடித்தார்கள். நான்காம் நாள் காலையில் வந்து, பக்கத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று வெட்டும் மெஷினையும் டிரில்லையும் பைக்கில் கட்டிக்கொண்டு போனார். மட்டம் பார்க்கும் ஒரு ரசமட்டத்தை மட்டும் ஜன்னல் திட்டில் மறந்து வைத்துவிட்டார். அது அங்கேயே கிடந்தது. பல் துலக்கும்போது தினமும் அதன் குமிழியைப் பார்ப்பேன், நடுவிலேயே நிற்கும். மெஷின் வெளியே போனால் ஆளும் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்புறம் வழக்கமான கதைதான். ஆள் கிடைக்கவில்லை, வடநாட்டுப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், சொந்தத்தில் ஒரு துக்கம். வேடிக்கை என்னவென்றால், அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் தினமும் மாறிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ பளபளவென்று ஒரு சமையலறை, பக்கத்தில் பூ எமோஜி. கொஞ்ச நாளில் எங்களுக்கு ஸ்டேட்டஸ் தெரியாமல் செய்துவிட்டார். என் கொழுந்தியாள் நம்பரில் தெரிந்தது. அவள் எடுத்து அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டுகள் பிறகு பயன்பட்டன. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், பார்த்த உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளியும் போனது. நவம்பர் கடைசியில் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘வேலை கொஞ்சம் நடந்திருக்கு, பொருளும் இறக்கியிருக்காரு, இது சிவில் மேட்டர் சார்’ என்றார். அப்போது கோபம் வந்தது. பிறகு விசாரித்ததில் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது தெரிந்தது. மோசடி என்று வழக்கு நிற்க வேண்டுமானால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டதே மோசடி ஆகிவிடாது. அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 420. 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318. எண் மாறினாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கொடுத்த விலாசமே பொய், நம்பரே உபயோகத்தில் இல்லை, உங்களைப் போல இன்னும் நாலு பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்றால் கதை வேறு. அந்த நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு போங்கள், 318 நிற்க வாய்ப்பு அதிகம். எப்படியானாலும் புகாரை எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு இறங்காதீர்கள். பணத்தை வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலை அல்ல, ஆனால் ‘ஸ்டேஷன்ல கூப்பிடறாங்க’ என்ற ஒரு ஃபோன் சில பேரை அசைக்கும். என்னுடைய ஆளை அசைக்கவில்லை.

டிசம்பர் மூன்றாம் வாரம் தாமிரபரணியில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. இரண்டு மாதமாக எடுக்காத மனிதர் தானாகவே ஃபோன் செய்தார்: ‘மெஷின் எல்லாம் தண்ணில போச்சு சார்.’ நிஜமாகவும் இருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று போயிருந்தது. அவரைத் திட்டவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அன்று ராத்திரிதான், திட்ட மனமில்லாமல், மேலே சொன்ன அந்தக் கணக்குச் செய்தியை அனுப்பினேன். ‘ஆமா சார் ஒரு லட்சம், முடிச்சுக் குடுத்துருவேன்’ என்று பதில் வந்தது. அதுவரை கையில் கொடுத்த 40,000-க்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்று முடிவு செய்து, முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீல் வைக்கவில்லை, நானே தமிழில் ஒரு பக்கம் எழுதினேன்: என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதி, 15 நாளில் வேலையை முடிக்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போனது, வாங்க மறுத்துவிட்டார் என்று திரும்பி வந்தது. திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள், அப்படியே வையுங்கள். சரியான விலாசத்துக்குப் போன தபாலை வாங்க மறுத்தால், கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நுகர்வோர் ஆணையம் பலர் நினைப்பது போலப் பெரிய பூதம் இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதைத் தவற விடாதீர்கள். கொடுத்த பணத்தோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். தீர்ப்பை மதிக்காமல் இருந்தால் சிறைத் தண்டனை வரை போக இடமிருக்கிறது. இதில் எனக்குத் தெரிந்த ஒரே குறை காலம். தேதி தள்ளித் தள்ளிப் போகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் அடித்தேன். தனி ஆள் கார்பென்டர் விஷயத்தில் அது எனக்குப் பெரிதாக உதவவில்லை.

கடைசியில் பணத்தை மீட்டது சட்டம் இல்லை, பிளைவுட் கடை.

பலகை இறக்கிய லோடு ஆட்டோக்காரர் ஒரு டெலிவரி சீட்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். என் மனைவி அதை சமையல் கேஸ் புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்தாள். பொங்கல் முடிந்து ஒருநாள் அதில் இருந்த கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார், பேரேட்டைப் புரட்டினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ‘இந்த அஞ்சு பலகைக்கே இன்னும் ரூவா வரலியே சார்’ என்றார்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஐந்து பலகை, 160 சதுர அடி, 17,600 ரூபாய். நான் கொடுத்த ஒரு லட்சத்தில் அந்தப் பலகைக்குக்கூட ஒரு ரூபாய் போகவில்லை. பலகை கடனில் வந்திருக்கிறது. அப்படியானால் என் பணம் எங்கே? அண்ணாச்சி சிரித்தார். ‘உங்களுக்கு முன்னாடி பெருமாள்புரத்துல ஒரு வீடு நின்னுது. அது முடிஞ்சிட்டு. உங்க வீட்டை முடிக்க இனிமே ஒருத்தர் அட்வான்ஸ் குடுக்கணும்.’

முன்பணம் வாங்கிவிட்டு மறைகிறவர்களில் பலருடைய விஷயம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பணத்தோடு ஓடுகிற திருடர்கள் இல்லை. முந்தின வீட்டுப் பள்ளத்தை உங்கள் பணத்தால் மூடுகிறார்கள், உங்கள் வீட்டுப் பள்ளத்தை மூட அடுத்த வீட்டைத் தேடுகிறார்கள். எங்கேயோ சங்கிலி அறுந்ததும் ஃபோன் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் நமக்கு நஷ்டம் குறைந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஊரை விட்டுப் போக முடியாத ஆள் என்று தெரிந்தால் பிடிக்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும். அவர் போலீசுக்குப் பயப்படாமல் இருக்கலாம். கடன் கொடுக்கும் கடையைப் பகைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் ஒரு மாதம் தள்ள முடியாது. பலகை கடனுக்கு வருவது அங்கிருந்து, கமிஷன் அங்கிருந்து, புது வீட்டு வேலை விசாரித்து ஆள் வருவதும் அங்கேதான்.

அண்ணாச்சியும் தர்மத்துக்குச் செய்யவில்லை. மீதிப் பொருள் முழுவதையும் அவர் கடையிலேயே எடுப்பதாக நான் வாக்குக் கொடுத்தேன். அண்ணாச்சி கூப்பிட்டதும், அடுத்த வாரமே கார்பென்டர் கடைக்கு வந்து நின்றார். தலையைத் தூக்கவில்லை. பலகை, மூன்று நாள் கூலி எல்லாம் சேர்த்து 22,000 கழித்து, 78,000-க்கு அங்கேயே புரோநோட்டு, அதாவது திருப்பித் தருகிறேன் என்ற கடன் பத்திரம் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு மேல் கையெழுத்து வாங்கினோம். அதை வைத்து மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம். முதலில் 20,000, பிறகு பத்துப் பத்தாக நாலு தவணை. 60,000 வந்தது, அதோடு நின்றுவிட்டது. மீதி 18,000 வரவில்லை. ஆணையத்தில் பதிவு செய்யவும் இல்லை, எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் அலுத்துப்போக வேண்டியதில்லை. இரண்டாவது தவணை கொண்டுவந்த அன்று, ‘அந்த ரசமட்டம் கிடக்கா சார்?’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

புரோநோட்டுக்குப் பதில் செக் கொடுத்தால் வாங்கலாம், ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டு. மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்கு. ஒரு தேதி தவறினாலும் சிக்கல்தான்.

நான் செய்யப்போய் கடைசி நிமிஷத்தில் விட்டது ஒன்று: அவர் படத்தைப் போட்டு ‘திருடன், ஜாக்கிரதை’ என்று ஃபேஸ்புக்கில் எழுதி வைத்திருந்தேன். போட்டிருந்தால் அவதூறு என்று அவர் என் மேல் புகார் கொடுத்திருக்கலாம். வீட்டுக்குப் போய் பைக்கைத் தூக்கி வருவதும் அப்படித்தான், வாதி பிரதிவாதி ஆகிவிடுவார்.

சமையலறையை முடித்தது வேறு ஒருவர். இந்த முறை பலகை, மைக்கா, கீல் எல்லாவற்றுக்கும் கடையில் நானே பணம் கட்டி, பில்லை என் பெயரில் வாங்கினேன். அவருக்குக் கூலி மட்டும், சதுர அடி கணக்கில். முன்பணம் 5,000. பெட்டி சுவரில் ஏறியதும் ஒரு பங்கு, கதவு மாட்டியதும் ஒரு பங்கு, கடைசிப் பத்தாயிரம் எல்லா டிராயரையும் இழுத்துப் பார்த்த பிறகு. கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். வேலையை முடித்த பிறகு மீதிப் பணத்துக்கு ஆறு மாதம் அலைய விடும் வீட்டுக்காரர்கள் கதையை அவர் சொல்லக் கேட்டபோது, இவர்கள் ஏன் முதலிலேயே அறுபது சதவீதம் கேட்கிறார்கள் என்பதும் விளங்கியது.

உங்கள் கார்பென்டர் அளவெடுத்ததோடு நின்றுவிட்டதால் டெலிவரி சீட்டு இருக்காது. அவரை உங்களுக்கு யார் சொன்னார்கள், வழக்கமாக எந்தக் கடையில் பொருள் எடுப்பார் என்று அவர் வேலை செய்த பழைய வீடு ஒன்றில் கேட்டுப் பாருங்கள். கணக்குச் செய்திக்குப் பதில் வந்ததும் நோட்டீஸை அனுப்பிவிடுங்கள். பதில் வரவில்லை என்றாலும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.