வாரினால் தூர்கிறது, தூர்ந்தால் வாருகிறோம்: துறைமுகப் பராமரிப்புப் பணம் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தூர்வாரும் செலவைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு முறை பெரும் செலவில் கப்பல் வழியை ஆழப்படுத்தியாகிவிட்டது. அப்புறம் ஏன் வருடா வருடம் அரசிடம் பணம் கேட்கிறார்கள்?

கடலடியில் வாய்க்கால் வெட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 8 மீட்டர் ஆழம், நடுவில் கப்பல் போகும் தடம் மட்டும் 14 மீட்டர். தண்ணீர் அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது அதன் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் அது தூக்கிக்கொண்டு வந்த வண்டலைக் கீழே போட்டுவிடுகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமோ, பொதுவாக அவ்வளவு அதிகமாகப் படியும். அதனால் ஆழப்படுத்தும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும்போதே, வருடாந்தரப் பராமரிப்புச் செலவு கூடுவதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகும் எல்பே ஆற்றைப் பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு ஆழப்படுத்தினார்கள். 2022 தொடக்கத்தில் புது ஆழம் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வண்டல் சேர்ந்து, பெரிய கப்பல்களுக்கு அனுமதித்த மிதவை ஆழத்தை, அதாவது கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் இறங்கியிருக்கும் அளவை, தற்காலிகமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. கொல்கத்தா கதை இன்னும் நீளமானது. ஹூக்ளியில் சேரும் வண்டலை அடித்துக்கொண்டு போகக் கங்கை நீரைத் திருப்பிவிடலாம் என்றுதான் ஃபராக்கா தடுப்பணையைக் கட்டினார்கள். அது 1975-ல் செயல்பாட்டுக்கு வந்தது. தூர்வாரும் வேலை அதோடு நின்றுவிடவில்லை. ஹூக்ளி வழியைத் திறந்து வைக்க ஒன்றிய அரசு மானியமும் கொடுத்துவந்திருக்கிறது.

எனக்கு உண்மையான கவலை இங்கேதான். புதிதாக ஆழப்படுத்தும் வேலைக்கு அடிக்கல், திறப்பு விழா எல்லாம் உண்டு. பராமரிப்புத் தூர்வாரலுக்கு இவை எதுவும் இல்லை. கஜானாவில் நெருக்கடி வந்தால் முதலில் கை வைப்பது அதில்தான். வண்டலோ நிதியாண்டு பார்த்துப் படிவதில்லை.

கேள்வி: கப்பல் கம்பெனிகள்தானே லாபம் பார்க்கின்றன? அவர்களே கொடுக்கட்டும். பொதுப் பணம் எதற்கு?

நியாயமான கேள்விதான். பிரிட்டனில் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. துறைமுகங்கள் தங்கள் கட்டண வருமானத்திலிருந்தே தூர்வாரிக்கொள்கின்றன. பரபரப்பான துறைமுகத்துக்கு இது சரிப்பட்டு வரும். சரக்குக் குறைந்த துறைமுகம் என்ன செய்யும்? கட்டணத்தை ஏற்றினால் வரும் கப்பலும் வராது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1986-ல் துறைமுகப் பராமரிப்பு வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்றைய விகிதம் சரக்கு மதிப்பில் 0.125 விழுக்காடு, அதாவது 1 லட்சம் டாலர் சரக்குக்கு 125 டாலர். அந்தப் பணம் தனி அறக்கட்டளை நிதியில் சேர்கிறது. நினைத்துப் பார்த்தால் இதில் ஒரு கோணல் தெரியும். கைப்பேசிகள் நிறைந்த கன்டெய்னருக்கு எடை குறைவு, வரி அதிகம். ஜல்லி ஏற்றிய கப்பலுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும், வரியோ சொற்பம். 1998-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுமதிச் சரக்குக்கு இந்த வரி செல்லாது என்று சொன்னதற்கும் இதுதான் அடிப்படை. சரக்கின் மதிப்பை வைத்து வசூலிப்பதைச் சேவைக் கட்டணம் என்று சொல்ல முடியாது, அது வரிதான் என்றது நீதிமன்றம். ஏற்றுமதிக்கு வரி போட அவர்கள் அரசியல் சாசனத்தில் இடமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் போல இயல்பாகவே ஆழமுள்ள துறைமுகங்களுக்கு வேறொரு வருத்தம். அங்கே வசூலாவது மிக அதிகம், தூர்வாரத் திரும்பி வருவது மிகக் குறைவு.

இதைவிட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. வரி ஒழுங்காக வசூலானது. ஆனால் அதை எடுத்துச் செலவழிக்க ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் ஒதுக்கீடு செய்தாக வேண்டும். அரசின் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைத்துக் காட்ட ஒதுக்கீடு சுருங்கியது. 2020 வாக்கில் நிதியின் இருப்பு 900 கோடி டாலரைத் தாண்டி நின்றது. பணம் கணக்கில் இருக்கிறது, வழியில் மண் கிடக்கிறது. அந்த ஆண்டுதான் சட்டத்தைத் திருத்தி, இந்தச் செலவைப் பட்ஜெட் உச்சவரம்புக் கணக்கிலிருந்து விலக்கினார்கள். யாரிடம் வசூலிப்பது என்று சண்டை போடுபவர்கள், வசூலான பணம் அந்த வேலைக்கே போய்ச் சேர்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: கப்பல் வழியின் ஆழம் பத்து சென்டிமீட்டர் குறைந்ததற்கு இவ்வளவு கூச்சலா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பனாமாக்ஸ் வகை (பனாமா கால்வாயின் பழைய மதகுகளுக்குள் நுழையும் அளவு) மொத்தச் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 225 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம். அது ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கச் சுமார் 67 டன் ஏற்ற வேண்டும். ஆக, பத்து சென்டிமீட்டர் ஆழம் போனால் 670 டன் சரக்கைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் இதேதான். எண்ணெயும் சம்பளமும் குறைவதில்லை. மீதி இருக்கும் டன்களின் மேல்தான் அந்தச் சுமை விழுகிறது. கடைசியில் அரிசி, நிலக்கரி, உரம் வாங்குகிறவர் வரை அது போய்ச் சேரும்.

கேள்வி: கப்பல் நிற்கும் இடத்தில் தூர்வாருவதும் அரசு செலவா?

பெரும்பாலும் இல்லை. பொது வழி அரசு பொறுப்பு, தளத்தை ஒட்டிய பகுதி அதை நடத்துபவர் பொறுப்பு என்று பிரிப்பதுதான் பரவலான வழக்கம். ஒப்பந்தத்தில் எல்லைக்கோட்டை வரைபடத்தோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது சின்ன மீன்பிடித் துறைமுகம். வருடம் ஒரு முறை இயந்திரம் வைத்து முகத்துவாரத்தை வெட்டுகிறார்கள், இரண்டே மாதத்தில் மணல் அடைத்துக்கொள்கிறது. பணம் வீண்தானா?

படகு மணல்திட்டில் தட்டிக் கவிழும் ஆபத்து உள்ள இடத்தில் எந்தச் செலவையும் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முறை தவறு. உங்கள் முகத்துவாரத்தை அடைப்பது ஆற்று வண்டலா, கரையோரமாக நகரும் கடல் மணலா என்று முதலில் பாருங்கள். இரண்டே மாதத்தில் அடைத்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் கடல் மணல்தான். அலை சாய்வாக அடிக்கும் கரையில் மணல் ஒரு பக்கமாக நடந்துகொண்டே இருக்கும். அலைதடுப்புச் சுவரோ, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவோ போட்டால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை அரித்துப்போகும். குவிந்த மணல் ஒருநாள் சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும்.

ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் இதற்கு நிரந்தர ஏற்பாடு செய்தார்கள். தெற்குப் பக்கம் சேரும் மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடக்குக் கடற்கரைகளில் கொட்டுகிறார்கள். 2001 முதல் இது நடக்கிறது, இரண்டு மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. வாயும் திறந்திருக்கிறது, கரையும் மிஞ்சுகிறது. எல்லா இடத்துக்கும் இவ்வளவு பெரிய ஏற்பாடு கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஆனாலும் வாரிய மணலை அரிக்கும் பக்கத்தில் கொட்டச் சொல்லலாமே?

நிதி கேட்கும்போது டன் கணக்கில் போட்டி போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். சிறு துறைமுகங்களுக்குத் தனிப் பங்கு கேளுங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கும் குறைவாகக் கையாளும் துறைமுகங்களுக்குப் பராமரிப்புப் பணத்தில் குறைந்தது 15 விழுக்காடு என்று அமெரிக்காவின் 2020 சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

கேள்வி: ஒப்பந்ததாரர் எத்தனை லோடு அள்ளினார் என்பதை வைத்துப் பணம் கொடுப்பது சரியா?

தூர்வாரும் கப்பலின் தளத்தில் நின்று பார்த்தால் பதில் புரியும். உறிஞ்சு குழாய் கடலடியைத் தடவிக்கொண்டே போகும். மேலே ஹாப்பருக்குள், அதாவது கப்பலின் மண் தொட்டிக்குள், விழுவது கறுப்புக் குழம்பு, அதில் பெரும்பகுதி தண்ணீர். மணல் அடியில் தங்கும், தண்ணீர் வழிந்து வெளியேறும். கொட்டும் இடத்தில் அடிக்கதவுகள் திறந்ததும் கப்பலே பெருமூச்சு விட்டதுபோல மேலே எழும்பும். அந்த ஹாப்பரில் திடமண் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் லோடு எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. வேலைக்கு முன்னும் பின்னும் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் காட்டும் கருவி) வைத்து அளந்து, வித்தியாசத்துக்குப் பணம் கொடுங்கள். அளப்பவர் ஒப்பந்ததாரரின் ஆளாக இருக்கக் கூடாது. வண்டல் வேகமாகத் திரும்பும் வழியில் இதுவும் போதாது. ஆண்டு முழுக்க இன்ன ஆழம் இருக்க வேண்டும் என்று ஆழத்துக்கே ஒப்பந்தம் போடுவது மேல். கொட்டும் இடத்தையும் பாருங்கள். எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கப் பக்கத்திலேயே கொட்டினால், நீரோட்டம் அதே மண்ணைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும், நீங்கள் இரண்டாம் முறையும் பணம் கொடுப்பீர்கள்.

கேள்வி: தூர்வாராமலேயே செலவைக் குறைக்க வழி உண்டா?

சேற்றுப் பாங்கான துறைமுகமாக இருந்தால் உண்டு. ராட்டர்டாமில் 1970-களிலேயே ஒன்றைக் கவனித்தார்கள். எக்கோ சவுண்டர் அடித்தளம் என்று காட்டும் இடம் பல சமயம் கூழ் போன்ற இளஞ்சேறு. கப்பல் அதைத் தொட்டாலும் சேதமில்லை. ஆகவே கன மீட்டருக்கு 1.2 டன் அடர்த்தி வரும் மட்டத்தைத்தான் அடித்தளமாகக் கொள்வது என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேலே கிடக்கும் கூழை உடனே வார வேண்டியதில்லை. இதற்கு அடர்த்தி அளக்கும் கருவி வேண்டும், அந்தச் சேற்றின் மேல் கப்பல் எப்படித் திரும்பும் என்று பழகிய பைலட்டுகள் (துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்துபவர்கள்) வேண்டும். மணல் தரையில் இதை முயற்சி செய்யவே கூடாது, கப்பல் தரைதட்டிவிடும்.