மனசு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, என்ன செய்வது? யோகா, தியானம்: கேள்வி பதில்

யோகா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அதனால் மூட்டு, தசை என்று வந்துவிட்டால் பதில் கொஞ்சம் நீளும். சக்கரம், குண்டலினி பக்கம் போனால் சுருங்கிவிடும். இன்று முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுகிறேன், கேளுங்கள்.

கொட்டாவி: அக்கா, கண்ணை மூடி உட்கார்ந்தால் மனசு ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. ஆபீஸ் சண்டை, கட்ட மறந்த கரண்ட் பில், பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ சொன்ன சொல் எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. எனக்குத் தியானம் ஒத்துவராதா?

ஒத்துவருகிறது. நீங்கள் செய்துகொண்டிருப்பதே அதுதான். எண்ணமே இல்லாமல் இருப்பதுதான் தியானம் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அதனால் ஒரு எண்ணம் எட்டிப்பார்த்தாலே தோற்றுவிட்டதாக நினைக்கிறோம். மனசு கரண்ட் பில்லுக்குப் போய்விட்டது என்று உங்களுக்கே தெரியவருகிற நொடி இருக்கிறதே, அதுவும், தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புவதும்தான் பயிற்சி. கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடும், பிடித்துவந்து தறியில் கட்டுவோம், மறுபடி ஓடும். அதன் பழக்கமே அப்படித்தான்.

மூச்சை வெளியே விடும்போது மட்டும் எண்ணுங்கள், 1 முதல் 10 வரை. எண்ணிக்கை தப்பினால் மறுபடி 1. திடீரென்று 17-ல் இருப்பது தெரிந்தால் அதுவும் தப்பியதுதான், சிரித்துவிட்டு 1-க்கு வாருங்கள். நானே பல நாள் 6-ஐத் தாண்டுவதில்லை.

கொட்டாவி: எண்ண ஆரம்பித்தால் தூக்கம் வந்துவிடுகிறதே?

பெயருக்கு ஏற்ற கேள்வி! ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? ஆறுக்குக் குறைவென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தூக்கக் கடனைத் தியானம் அடைக்காது. நன்றாகத் தூங்கியும் கண் சொருகினால், கண்ணைப் பாதி திறந்து தரையைப் பார்த்தபடி உட்காருங்கள்.

கணக்குப்பிள்ளை: மேடம், யோகா செய்தால் எல்லா வியாதியும் போகும் என்கிறார்கள். ஆராய்ச்சி என்ன சொல்கிறது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

2014-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 47 ஆய்வுகள், சுமார் 3,500 பேர். எட்டு வாரத் தியானப் பயிற்சியால் பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைகின்றன என்பதற்கு நடுத்தரமான ஆதாரம் கிடைத்தது. அதே ஆய்வு, உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வரியை விளம்பரங்களில் பார்க்க முடியாது.

2022-ல் வந்த ஒன்று எனக்கு இன்னும் பிடிக்கும். பதற்ற நோய் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு எட்டு வாரத் தியான வகுப்பு. முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். ஆனால் அந்த வகுப்புக்காரர்கள் வாரம் இரண்டரை மணி நேர வகுப்புக்குப் போய், வீட்டில் தினமும் 45 நிமிடம் உட்காரவும் வேண்டியிருந்தது. மூன்று நிமிட ஆப் ஒன்றைப் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

இடுப்பு வலிக்கு 2011-ல் 228 பேரை வைத்து ஓர் ஆய்வு. ஒரு பிரிவுக்கு யோகா, ஒரு பிரிவுக்கு வெறும் ஸ்ட்ரெச்சிங், மூன்றாவது பிரிவுக்கு வலி பற்றிய ஒரு கையேடு. கையேட்டுக்காரர்களைவிட யோகாக்காரர்கள் நன்றாகத் தேறினார்கள். ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களும் அதே அளவு தேறினார்கள்! யோகா ஆசிரியையாக இதைப் படித்தபோது முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயலவேண்டியவற்றில் யோகாவையும் தியானத்தையும் சேர்த்து 2017-ல் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று வழிகாட்டி வெளியிட்டது. அதனால் கடையை மூடவில்லை.

அப்புறம், “எட்டே வாரத்தில் மூளையின் அமைப்பே மாறும்” என்ற பேச்சு. 2011-ல் தியானம் பழகிய 16 பேரின் ஸ்கேனை வைத்து வந்த முடிவு அது. 2022-ல் இருநூறு பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. பதற்றம் குறைவது உண்மை. அதற்கு மூளை வளர்ந்த கதை தேவையில்லை.

முழங்கால்காரன்: எனக்கு 52 வயது. பத்மாசனம் வரவில்லை. “பழகப் பழக வரும், வலியைப் பொறுத்துக்கொள்” என்கிறார் ஆசிரியர். முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்று குத்துகிறது.

இன்றோடு நிறுத்துங்கள் ஐயா. பத்மாசனத்தில் திரும்பவேண்டியது இடுப்பு மூட்டு. அது பந்து கிண்ணத்துக்குள் உருளுவது போன்ற மூட்டு. முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கும், நீளும், அவ்வளவுதான். இடுப்பு திரும்பாதபோது பாதத்தை இழுத்துத் தொடைமேல் வைத்தால், அந்தத் திருப்பம் முழுவதும் முழங்காலில் விழுகிறது. உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழியலாம். இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் தொடை எலும்பின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு எத்தனை வருடம் பழகினாலும் பத்மாசனம் வராது. எலும்பு எலும்பில் இடிக்கும்போது பொறுமையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தசை இழுபடுவது தொடை நடுவிலோ பின்புறத்திலோ பரவலாகத் தெரியும், அது பரவாயில்லை. மூட்டுக்குள் ஒரு புள்ளியில் குத்தினால் வெளியே வந்துவிட வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒருவர் என் தொடையை மேலிருந்து அழுத்தி, மூன்று மாதம் படி ஏற முடியாமல் கிடந்தேன். அதிலிருந்து யாருடைய உடம்பையும் நான் அழுத்துவதில்லை.

ஆசனம் அசையாமல் இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். பதஞ்சலி சொன்ன இலக்கணம் இந்த இரண்டே. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாலும் இரண்டும் கிடைக்கும். தரையில்தான் வேண்டுமென்றால் தடிமனான தலையணை ஒன்றைப் பின்புறத்துக்கு அடியில் போட்டு, முழங்கால் இடுப்பைவிடக் கீழே இருக்கும்படி சம்மணம் போடுங்கள். குத்தல் இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை டப்பா: எனக்கு பிபி. மூன்று மாதமாக பிராணாயாமம் செய்கிறேன், இப்போது நார்மலாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. நார்மலாக இருப்பதில் மாத்திரைக்கும் பங்கு உண்டே! வீட்டில் எடுத்த அளவுகளைத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குறைப்பதா என்று அவர் சொல்லட்டும்.

என்ன பிராணாயாமம் என்று நீங்கள் சொல்லவில்லை. வேகவேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கிப் பிடிக்கும் கும்பகம் இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். மெதுவான மூச்சுதான் உங்களுக்கு உகந்தது.

மாத்திரை டப்பா: மெதுவான மூச்சு என்றால் எவ்வளவு மெதுவாக? அது எப்படி வேலை செய்கிறது?

4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, மூக்கு வழியாக. அப்படிச் செய்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது நாடி கொஞ்சம் வேகமெடுக்கும், வெளியே விடும்போது தணியும். வெளிவிடும் நேரத்தில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தின்மேல் பிரேக் போடுகிறது. வெளிமூச்சு நீண்டால் பிரேக்கும் நீளும். இதோடு கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெரிய தமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 6 என்கிற தாளத்தில் அவை நன்றாக ஈடுகொடுக்கின்றன. ஒரு நாளுக்கு 10 நிமிடம் போதும். தலை சுற்றினால் மூச்சை ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், அளவைக் குறையுங்கள். தேவை மெதுவான மூச்சு. நெஞ்சு முட்ட இழுப்பது இல்லை.

தொப்பை: யோகாவில் எடை குறையுமா?

தனியாக அதை மட்டும் நம்பினால் பெரிதாகக் குறையாது. நிதானமான ஹட யோகாவில் செலவாகும் சக்தி மெல்ல நடப்பதைப் போன்றதுதான். சூரிய நமஸ்காரத்தை வேகமாக, மூச்சு வாங்க வாங்கச் செய்தால் கூடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. எனவே வேகநடையும் வைத்துக்கொள்ளுங்கள். பலர் என்னிடம் சொன்ன ஒரு பக்கப் பலன் உண்டு: சலிப்பில் தின்பது குறைந்தது என்பார்கள். அதை நான் நம்புகிறேன், ஆனால் கணக்குப்பிள்ளை ஆதாரம் கேட்டால் என் வகுப்புதான் ஆதாரம், வேறில்லை.

ஐந்தாம் மாதம்: கர்ப்பமாக இருக்கிறேன். தொடரலாமா?

மகப்பேறு மருத்துவர் சரி என்றால் தாராளமாகத் தொடரலாம். மல்லாந்து நீண்ட நேரம் படுக்காதீர்கள், கருப்பை பின்னாலுள்ள பெரிய சிரையை அழுத்தும். இடதுபக்கம் ஒருக்களித்துச் சவாசனம் செய்யுங்கள். வயிற்றை முறுக்கும் ஆசனங்கள், குப்புறப் படுப்பவை, கபாலபாதி, மூச்சடக்கல், புழுக்கமான அறை வேண்டாம். ரத்தக் கசிவு, தலைசுற்றல், வயிறு இறுகுவது, எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

தலைகீழ்: சிரசாசனம் படம் போட்டால் ஏன் கோபப்படுகிறீர்கள்?

கோபமில்லை, வயிற்றெரிச்சல். தலைகீழாக நிற்கையில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கண் அழுத்த நோயான க்ளாக்கோமா இருப்பவருக்கு அது பார்வை நரம்பைப் பாதிக்கலாம். பலருக்குத் தனக்கு க்ளாக்கோமா இருப்பதே தெரியாது. கழுத்து எலும்புகள் வேறு, ஒரு தலையைத் தாங்கப் பிறந்தவை, முழு உடம்பையும் இல்லை. சுவரில் காலைத் தூக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். ஓய்வும் கிடைக்கும், படமும் எடுக்கலாம்.

மகள்: அம்மாவுக்கு 70. எலும்பு அடர்த்தி குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். யோகா சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம், ஆனால் வகுப்பின் முதல் நாளே ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். முதுகை வளைத்துக் குனிகிற எதுவும் கூடாது. பாதத்தைத் தொடுவது, கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம், உருளுவது இவற்றில் முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கி விரிசல் விடலாம். அம்மாவுக்கு முக்கியம் சமநிலை. சுவருக்குப் பக்கத்தில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து நொடி. பல் தேய்க்கும்போதுகூட மேடையைப் பிடித்தபடி செய்யலாம். இந்த வயதில் விழாமல் இருப்பதைவிடப் பெரிய பலன் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூக்கடைப்பு: வண்டு மாதிரி முனகும் பிராமரி மூச்சுப் பயிற்சி செய்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறது. பிரமையா?

பிரமையாக இருக்க வேண்டியதில்லை. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் குழிகளில் நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கிறது. முனகும்போது காற்று அதிர்ந்து அதை வெளியே இழுக்கிறது. 2002-ல் ஸ்வீடனில் அளந்தபோது, சாதாரண மூச்சைவிட முனகும்போது மூக்கு வழியாக 15 மடங்கு வெளிவந்தது. சளிக் காய்ச்சலுக்கு மருந்து என்று மட்டும் கிளப்பிவிடாதீர்கள்.

பெயர் வேண்டாம்: அக்கா, கண்ணை மூடினால் அமைதி வருவதற்குப் பதிலாகப் பயம் வருகிறது. சின்ன வயதில் நடந்த ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோரும் “தொடர்ந்து செய், சரியாகும்” என்கிறார்கள்.

தொடராதீர்கள் தம்பி. இது உங்கள் குறையில்லை, நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. 2020-ல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பதற்றம், மனச்சோர்வு மாதிரி ஏதோ ஒரு தொல்லை வந்திருந்தது. வெளிச்சத்தம் அடங்கியதும் அடியில் கிடந்தது மேலே வருகிறது. சிலருக்கு அது தாங்கும், சிலருக்குத் தாங்காது.

இப்போதைக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். உட்காருவதற்குப் பதிலாக மெதுவாக நடங்கள். குதிகால் தரையில் படுவது, விரல் ஊன்றுவது என்று பாதத்தை மட்டும் கவனியுங்கள். பயம் கிளம்பினால் அறையில் கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து நாள் மௌன முகாம் என்று யாராவது கூப்பிட்டால் இப்போது போகாதீர்கள். அந்தப் பழைய விஷயத்தை ஒரு மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ சொல்லுங்கள், இந்த வாரமே நேரம் வாங்குங்கள். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அலாரம்: எப்போது செய்ய வேண்டும்? பிரம்ம முகூர்த்தத்தில் எழ முடியவில்லை.

வயிறு நிறையச் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், வழுக்காத தரை வேண்டும். மற்றபடி உங்களால் தினமும் வர முடிகிற நேரம்தான் நல்ல நேரம். வாரத்தில் ஒருநாள் ஒன்றரை மணி நேரத்தைவிடத் தினமும் 15 நிமிடம் பிடித்துக்கொள்ளும்.

அவசரம்: கடைசிக் கேள்வி. சவாசனத்துக்கு முன்னால் கிளம்பிவிடுகிறேன். சும்மா படுப்பதுதானே?

என் வகுப்பிலும் அந்த நேரத்தில்தான் பாய் சுருட்டும் சத்தம் கேட்கும்! மற்ற எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள், இதை விடாதீர்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை, கண்மேல் ஒரு துணி, ஏழு நிமிடம். தாடையையும் நாக்கையும் தளர்த்துங்கள், அங்கேதான் நாள் முழுக்கப் பிடித்துவைத்திருப்போம். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். வலதுபக்கம் திரும்பி இரண்டு மூச்சு, பிறகு கையை ஊன்றி, தலை கடைசியில் மேலே வருகிற மாதிரி.